ஆறு இலக்கம்

ஆஸ்லாக் தன் புகைப்படக் கணக்குக்கு இரண்டாவது பூட்டுப் போட்ட அன்று அவனுடைய செல்பேசி உடைந்து கிடந்தது. அதனால் தங்கை ஈடுனின் எண்ணைக் கொடுத்தான். அப்போது இருவரும் நகமும் சதையுமாக இருந்தார்கள். பிறகு அம்மாவின் மலைக்குடிலை அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்றுத் தொலைத்தான். மூன்று வருடமாகப் பேச்சில்லை. ஆனால் வெள்ளிதோறும், அலுவலகத்தில் அவள் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்கிற நேரத்துக்கு அந்தக் கணக்கிலிருந்து அவள் செல்பேசிக்கு ஆறு இலக்க ஓடிபி வரும். பின்னாலேயே அவன் கூப்பிடுவான்.

“வந்துச்சா, ஈடுன்?”

“நாலு ஏழு பூஜ்யம் ரெண்டு ரெண்டு ஒம்போது.”

சொன்ன கையோடு வைத்துவிடுவாள். வீம்பென்றால் அப்படியொரு வீம்பு!

ஆகஸ்டில் ஒரு வெள்ளி, எண்ணை வாங்கிய பிறகும் அவன் வைக்கவில்லை. “அப்புறம்... உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஒரு நிமிஷம் இருக்கியா?”

“நான் என்ன உன் டெலிபோன் ஆபரேட்டரா? உன் நம்பரைப் போட்டுக்கத் தெரியாதா உனக்கு? இனிமே எனக்குப் போன் பண்ணாத!”

“சரி” என்றான் ஆஸ்லாக்.

அடுத்த வெள்ளி ஓடிபி வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. விட்டது சனியன் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் செல்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபரில் அவளுடைய மின்னஞ்சலையே எவனோ திறக்கப் பார்த்தான். பயந்துபோய் ஓலெசுண்ட் நகர நூலகத்துக்கு ஓடினாள். அங்கே செல்பேசி உதவி மேசையில் மாரென் என்ற பெண் இருந்தாள்.

“உங்க நம்பரைப் போட்டாச்சு. போன் தொலைஞ்சா உதவ இன்னொருத்தர் நம்பர் வேணும். நீங்க எப்பக் கூப்பிட்டாலும் எடுக்கறவங்களா இருக்கணும்.”

ஈடுனுக்கு ஒரே ஒரு ஆள்தான் தோன்றியது. அவனுக்கு ஓடிபி போகும், அதைக் கேட்க அவனைக் கூப்பிடலாம். நல்ல சாக்குதான்! எண்ணை மனப்பாடமாகச் சொன்னாள். மாரென் தட்டினாள். அனுப்ப முடியவில்லை என்று வந்தது.

“அட, இது நம்ம ஆஸ்லாக் நம்பராச்சே! எங்களுக்கு இந்த வேலையெல்லாம் கத்துக்குடுத்ததே அவர்தான். நம்பர் மாத்தறதெல்லாம் அவருக்கு ரெண்டு நிமிஷம். போன மாசம் ஸ்பெயினுக்கே போயிட்டாரு, இந்த நம்பரை விட்டுட்டாரு.”

இரண்டு நிமிட வேலையை மூன்று வருடமாகச் செய்யாமல் வைத்திருந்தானே, பாவி!

“புது நம்பர் இருக்கா?”

“விலாசம், நம்பர் எல்லாம் தங்கச்சிகிட்ட மட்டும் குடுப்பேன்னு சொல்லிட்டிருந்தாரு. வெள்ளிக்கிழமையானா சாப்பாட்டைப் பாதியில போட்டுட்டு அவங்ககூடப் பேச வெளிய ஓடுவாரு. ரொம்பப் பாசக்காரத் தங்கச்சி போல. அவங்களைத் தெரியுமா உங்களுக்கு? கேட்டுப் பாருங்களேன்.”

“தெரியும்” என்றாள் ஈடுன். “அவகிட்டயும் இல்ல.”