எண்ணெய்த் தலையில் ரோலர் நிற்காது

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டிப் பார்த்துக் கிடைத்தது. தாராவியில் எங்கள் சந்தின் அகலம், கையை நீட்டினால் எதிர்வீட்டு ஜன்னல் கம்பியில் என் துணியைக் காயப்போடலாம். போட்டும் இருக்கிறேன். இந்த லட்சணத்தில் நான் எதையும் பார்க்கவில்லை என்று சொன்னால்தான் அது பொய்.

தொடக்கம் இரண்டு எழுதினேன்.

"ஜூலை மழை தகரக் கூரையில் விழுந்து—" வேண்டாம். மழைக்கு இந்தக் கதையில் பிறகு வேலை இருக்கிறது. இப்போதே கூப்பிட்டால் நடுவில் ஓய்ந்துவிடும்.

"சஃப்ரீனின் கூந்தல் கருகருவென்று—" இதுவும் வேண்டாம். எதிர்வீட்டு சஃப்ரீனின் கூந்தலை நான் பார்த்ததே இல்லை. துப்பட்டா நழுவாத பெண். அடுத்தவர் கூந்தல்தான் அவளுக்குத் தொழில்.

அதுவே தொடக்கமாக இருக்கட்டும்.

2

சஃப்ரீனுக்கு இருபத்து மூன்று வயது. செம்பூரில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை. வேலை என்றால், இரண்டு வருஷமாக வெட்டி விழுந்த முடியைக் கூட்டுவதும் புருவத்துக்கு நூல் போடுவதும். அங்கே சொந்த நாற்காலி கிடைத்தவள்தான் ஆள், மற்றவர்கள் கை.

பார்லர் மேடம் புதிதாக ஒன்று ஆரம்பிக்கிறார். கல்யாண வீடுகளுக்கே போய் அலங்காரம் செய்வது. அதற்கு ஆள் எடுக்க ஒரு பரீட்சை வைத்தார். கெமிக்கல் படாத சுருட்டை முடிக்காரி ஒருத்தியின் தலையை, வீட்டில் இருப்பதை வைத்தே ரோலர் உருளைகளில் சுற்றிக் காயவைத்து, அவளை ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அப்படியே கூட்டிவர வேண்டும். ரோலரைக் கழற்றுவது மேடம் கையால். சுற்றிய அலை கலையாமல் முடி நின்றால் நாற்காலி. நிற்காவிட்டால் அடுத்த மாதம் முதல் நவி மும்பை கோபர்கைரனேயில் சாச்சா (சித்தப்பா) கடைக் கல்லாவில் உட்கார வேண்டும். அது அவள் வாப்பா எடுத்த முடிவு.

சுருட்டை முடிக்கு எங்கள் சந்தில் போட்டியே கிடையாது. பக்கத்து வீட்டு முத்துமாரிதான். விடியுமுன் இட்லி அவித்துக் கூடையில் மாட்டுங்கா வரை கொண்டுபோய் விற்கிறவள். அவள் முடி பின்னலுக்குள் இருக்கும்வரைதான் முடி, அவிழ்த்தால் கூட்டம்.

"தலையைக் குடுப்பீங்களாக்கா?" என்று சஃப்ரீன் கேட்டபோது முத்துமாரி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"இட்லிச் சட்டி ஆவியில தெனம் வேகுற மண்டைதானட்டி. ஒரு நா ராணி கணக்கா உக்காந்துட்டுப் போறேன்."

(இப்படி உடனே ஒத்துக்கொள்கிற பாத்திரத்தை வாசகர் நம்புவாரா என்று எனக்குச் சந்தேகம். ஒரு தயக்கம் வைக்கலாமா என்று பார்த்தேன். ஆனால் முத்துமாரி தயங்கவில்லை. நான் என்ன செய்ய?)

3

ஞாயிறு காலை ஒன்பது மணி. முத்துமாரி சஃப்ரீன் வீட்டில் பலகையில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள். எப்படியோ அவள் தலையில் எண்ணெய் இருந்தது.

["எப்படியோ" என்ற சொல்லை அடித்துவிட வேண்டும். இப்போது முடியவில்லை. திரும்ப வருகிறேன்.]

சஃப்ரீன் சீப்பை வைத்தாள். வழுக்கிக்கொண்டு போனது. விரலைப் பார்த்தாள், பளபளத்தது.

"அரே அக்கா, எண்ணெய் வச்சிருக்கீங்களா?"

"பின்ன? நீ தொடப்போற தலையில்லா? காஞ்ச பரட்டையோட வந்து உக்காந்தா நல்லாவா இருக்கும்? ராத்திரி பூரா ஊற வச்சிருக்கேன்."

"எண்ணெய்த் தலையில ரோலர் நிக்காதுக்கா. வழுக்கிட்டு வந்துரும். நேத்தே லதாக்காட்ட சொல்லி விட்டேனே, அவங்க சொல்லலியா?"

லதாக்கா என்பது நான். ஜன்னலில் நின்றிருந்தேன். வேறு எங்கே நிற்பேன்?

முத்துமாரி ஜன்னலைப் பார்த்தாள். சட்டென்று சொன்னாள்: "சொன்னாவ, சொன்னாவ. எனக்குத்தான் இட்லிமாவு நெனப்புல மறந்துபோச்சு."

சஃப்ரீன் குனிந்து அந்தத் தலையை முகர்ந்தாள். அப்புறம் அவளும் ஜன்னலைப் பார்த்தாள்.

4

சரி, "எப்படியோ"வை அடித்தாயிற்று. நான்தான் வைத்தேன்.

சனிக்கிழமை வேலைக்குப் போகிற அவசரத்தில் சஃப்ரீன் என் ஜன்னலுக்குக் கீழே நின்று, "லதாக்கா, மாரியக்காட்ட சொல்லிருங்க, நாளைக்கு எண்ணெய் வேண்டாம், ஷாம்பு போட்டுக் குளிச்சுட்டு வந்தாப் போதும்" என்றாள். என்னிடம் சொன்னால் சந்துக்கே சொன்ன மாதிரி. ஆனால் வாங்கிய சேதியை வாங்கியபடியே கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. போகிற வழியில் கொஞ்சம் உப்பு, கொஞ்சம் மிளகு சேர்ந்துவிடும். எண்ணெய் வைக்காத தலையை இன்னொருத்தி கையில் கொடுப்பதாவது! நாலு பேர் பார்க்கிற இடத்துக்கு வேறு போகிறாள். பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். "தலையை நல்லா வச்சுட்டு வரச் சொன்னாட்டி" என்று முத்துமாரியிடம் சொல்லி, என் வீட்டுப் புட்டியிலிருந்து நானே ஊற்றித் தேய்த்தும் விட்டேன்.*

* கறிவேப்பிலையும் வெந்தயமும் போட்டு நானே காய்ச்சுகிற எண்ணெய். சந்தில் வேறு எந்த வீட்டிலும் கிடையாது. சஃப்ரீனின் மூக்குக்கு அது தெரியும்.

முகர்ந்து பார்த்த கையோடு சஃப்ரீன் கத்தியிருக்கலாம். கத்துவாள் என்று நினைத்துப் பதிலைக்கூடத் தயார் செய்துவிட்டேன். அவள் மனதுக்குள் இரண்டு வருஷத்துத் துடைப்பம் ஓடியிருக்கும், சாச்சா கடைக் கல்லா ஓடியிருக்கும். (அவள் மனதுக்குள் நான் எப்படிப் போனேன் என்கிறீர்களா? நான் போகாத இடம் ஏது?) ஆனால் வாயில் வந்தது இவ்வளவுதான்:

"லதாக்கா, எங்கயாவது தண்ணி கெடைக்குமா?"

5

எங்கள் சந்தில் குழாய்த் தண்ணீர் எட்டு மணிக்கு நின்றுவிடும். முத்துமாரி வீட்டு டிரம் அரிசி ஊறவைப்பதற்கும் உளுந்து ஊறவைப்பதற்கும் போய்விட்டது. என் வீட்டில் அதுவும் இல்லை. சஃப்ரீன் வீட்டில் ஒரு குடம். இந்த எண்ணெய்க்கு அது முகம் கழுவக்கூடக் காணாது. பதினோரு மணிக்குள் சுற்றி முடித்தால்தான் மூன்று மணிக்குள் காயும்.

ஓடினேன். ஊர்வம்பு பேசியே தேய்ந்த வாய்க்கு அன்றைக்குத்தான் உருப்படியான வேலை. கடைசி வீட்டு முப்பிடாதியம்மாள் நான் சொல்லி முடிப்பதற்குள் குடத்தைத் தூக்கி வைத்தாள். "ஒரு நா எம் மவன் குளிக்கலேன்னா ஒண்ணும் நாறிற மாட்டான். நாறுனாலும் புதுசில்ல. கொண்டுட்டுப் போ." ஒருத்தி குடிக்க வைத்திருந்த தண்ணீரையே கொடுத்தாள். ஏழு வீடு, ஏழு குடம். யாரும் எதற்கு என்று முழுசாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் பங்கை எப்படிச் சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

மூன்றாவது ஷாம்புவில்தான் நுரை வந்தது.

அப்புறம் சஃப்ரீன் வேறு ஆள். ஆளி விதையைக் கொதிக்கவைத்து டீ வடிகட்டியில் வடித்த கொழகொழப்பைத் தடவினாள். ஈரமுடியைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொரு கற்றையையும் நுனிவரை விறைப்பாகச் சீவி, நுனியை உள்ளே மடித்து, தலையோடு ஒட்டும்வரை உருட்டிக் கிளிப் போட்டாள். ரோலர் நாலு குறைந்தது. கீழே ஷேக் பரீத் பாயின் தோல்பைப் பட்டறையிலிருந்து தையல்நூல் சுற்றி வருகிற பிளாஸ்டிக் குழல் நாலு வந்தது.

"ஏட்டி, நெத்திய இழுக்காதட்டி, கண்ணு மூட மாட்டேங்குது!"

"ராணின்னா அப்படித்தான்க்கா. அசையாதீங்க."

காயவைக்க நல்ல காற்று வேண்டும். பட்டறையின் பெரிய ஃபேனைக் கேட்கப் போனதும் நான்தான்.

"அது தோல் காயவைக்கிற ஃபேனும்மா" என்றார் பரீத் பாய்.

"முடியும் தோல் மேல மொளச்சதுதான பாய்."

சிரித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூட்டிய பட்டறையைத் திறந்தார். முத்துமாரி தோல் வாசனைக்கு நடுவே மூன்றரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இரண்டேமுக்காலுக்கு சஃப்ரீன் ஒவ்வொரு ரோலரிலும் விரலை நுழைத்துப் பார்த்தாள். பிடரியில் இருந்த ஒன்றில் மட்டும் விரல் கொஞ்சம் நின்றது.

"காஞ்சிருச்சா?" என்றேன்.

"இன்ஷா அல்லாஹ்" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

டாக்சி வந்தது. மழையும் வந்தது. (சொன்னேனே.) முத்துமாரியின் தலைக்கு மேல் ஆளுக்கொரு குடை பிடித்து, கல்யாணப் பெண்ணைப் போல ஏற்றி அனுப்பினோம்.

6

முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் மேடம் கழற்றக் கழற்ற அலை அலையாக விழுகிறது. சஃப்ரீன் நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டுப் பார்க்கிறாள். இன்னொன்றில் பிடரியில் அந்த ஒரே ஒரு ரோலர் ஈரம். மேடம் உதட்டைப் பிதுக்குகிறார். மூன்றாவதில் முடி நிற்கவில்லை, ஆனால் ஏழு குடம் தண்ணீர்க் கதையைக் கேட்டு மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலை தருகி— இதைக் கிழித்துவிட்டேன். செம்பூர் மேடங்கள் அப்படிக் கண்ணைத் துடைப்பதில்லை; மை கலைந்துவிடும்.

உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் திரும்பி வந்ததும் சஃப்ரீன் நேரே என் ஜன்னலுக்குத்தான் வந்தாள். முதலில் என்னிடம் சொன்னாள். என்னிடம்! சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று எழுதினால் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள், எழுதவில்லை. முத்துமாரி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னால் நின்றாள். அவளைப் பார்த்தும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. மறுநாள் விடியலில் வழக்கம்போலப் பின்னலோடு இட்லிக் கூடையைத் தூக்கிவிட்டாள்.

"நான் தப்பா சொல்லிட்டேன்ட்டி, அந்த எண்ணெய்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்க்கா. நீங்க ஓடலேன்னா தண்ணியே இல்ல" என்று சஃப்ரீன் நிறுத்திவிட்டாள். "இன்னொரு சேதி. வாப்பா ஊர்லேர்ந்து வியாழக்கிழமைதான் வாராங்க. நானே நேர்ல சொல்லணும். அதுவரைக்கும் யார்ட்டயும் சொல்லாதீங்க. சொல்ல மாட்டீங்கல்ல?"

எண்ணெய் விஷயத்துக்குப் பிறகும் இந்தப் பெண் என்னிடம் ஒரு சேதியைக் கொடுத்தாள். அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகிறது.

இன்றைக்குச் செவ்வாய். ஏழு குடத்துக்காரிகளும் வரிசையாக வந்து கேட்டுவிட்டார்கள். நான் வாய் திறக்காததைப் பார்த்து முப்பிடாதியம்மாள் என் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சலா என்று பார்த்தாள்.

நீங்களும் கேட்பீர்கள். நாற்காலியா, கல்லாவா, உங்களுக்குப் பிடித்ததை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமைக்கு முன்னால் எங்கள் சந்துக்கு வந்தால் உட்காரவைத்து டீ தருவேன். இஞ்சி தட்டிப் போட்டு. மழையைப் பற்றிப் பேசலாம்.