மேற்குக் காற்று

முப்பத்தொரு வருடம் கழித்து ஹார்மென் பக்கத்துப் பண்ணையின் கதவைத் தட்டினான். கோட்டுப் பையில் நகராட்சிக் கடிதம் இருந்தது. மொட்டைக் கோபுரமாக நிற்கும் அவனுடைய மாவரைக்கும் காற்றாலைக்குப் புதிதாக நான்கு இறக்கைகள் பூட்டித் தருவார்கள். ஒரே நிபந்தனை: மேற்கே நிற்கும் பாப்லர் மரங்கள் போகவேண்டும்.

நட்டவன் இந்தப் பண்ணைக்காரன் பெரெண்ட். மரங்கள் உயர உயர மேற்குக் காற்று மெலிந்தது. கடைசியில் ஒரு மூட்டை கோதுமை அரைக்க ஒரு நாள் பிடித்தது. இறக்கைகள் விறகாயின. ஆலையின் காற்றை மறைக்கும் எதையும் நானூறு தப்படிக்குள் யாரும் நட்டு வளர்க்கக்கூடாது என்று ஆலைப் பத்திரத்தில் இருந்தது. ஹார்மென் வழக்குப் போடக் கிளம்பியபோது, அக்கம்பக்கத்தில் வழக்கு வேண்டாம் என்று அவன் மனைவி டீனா தடுத்தாள். அவன் பெரெண்டுடன் பேச்சை நிறுத்தினான். பெரெண்டின் மனைவி கெசீனா இறந்தபோது, சவப்பெட்டி தூக்க அண்டை வீட்டார் நால்வர் போகவேண்டும் என்ற ஊர் முறையையும் மீறினான்.

கதவு திறந்தது.

"வழி தவறிட்டியா?" என்றான் பெரெண்ட்.

"மரத்த வெட்டணும்."

"வெட்டிக்க. கட்டைச் செருப்புக்குத்தான் ஆகும். ஆனா காத்தத் திருடினவன் மாதிரியே இத்தன வருஷம் பாத்தியே."

"பத்திரத்துல இருக்கு."

"அதனாலதானய்யா எழுதி வாங்கினேன். நான் என்ன கிறுக்கனா?"

இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். 1961. காற்றுரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதியிருந்தது. ஆலை டீனாவுக்கு அவள் அப்பா விட்டுப்போனது. கீழே அவள் கையெழுத்து.

"உனக்குத் தெரியும்னுதான் நெனச்சேன். தெரிஞ்சும் நீ மொறைக்கிறதா." பெரெண்ட் தாளை அவன் கையில் வைத்தான். "கெசீனாவத் தூக்க மூணு பேர்தான் வந்தாங்க. நாலாவது மூலைய நான் புடிச்சேன்."

வீட்டில் டீனா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். ஹார்மென் தாளை மேசையில் வைத்தான். அவள் படிக்கவில்லை.

"அப்பா மாவுத் தூசியத் தின்னு இருமியே செத்தாரு. அம்பது வயசுல. உனக்கும் இருமல் ஆரம்பிச்சிருந்துச்சு. ஆலைய விடுன்னா விட்டிருப்பியா?"

"மூணு பேர் தூக்கினாங்க, டீனா."

"தெரியும். நான் போயிருந்தேனே."

"அன்னிக்காவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நீ இங்க இருந்திருக்க மாட்ட."

அடுத்த கிழங்கை எடுத்தாள். ஹார்மென் ஜன்னலுக்குத் திரும்பினான். பாப்லர் மரங்களின் மறைவில், கொல்லைக் கொடியில் அவனுடைய சட்டைகள் ஈரமாகத் தொங்கின. ஒரு கைகூட அசையவில்லை.