ஸ்கூட்டருக்குள் அக்கா

அந்த வீட்டில் அவளுக்குப் பூனை என்று பெயர் வைத்தது அக்காதான். நடந்தால் சத்தம் கேட்காது. பக்கத்தில் வந்து நின்று வெகுநேரம் ஆன பிறகுதான் "நீ எப்ப வந்தே?" என்று கேட்பார்கள். அக்கா அதற்கு நேர் எதிர். பள்ளியில் விளையாட்டு டீச்சர். விசிலை வீட்டில் மறந்துவிட்டுப் போன நாளில்கூட, அவள் வாயைத் திறந்தால் மைதானத்தின் மறுகோடியில் ஓடுகிறவர்கள் அப்படியே நின்றுவிடுவார்கள்.

பூனை மின்வாகனப் பொறியியலில் சேர்ந்ததும் அந்தக் குரலின் புண்ணியத்தில்தான். சித்தப்பாவின் பெட்ரோல் பங்க்கில் கல்லாவில் உட்கார ஆள் தேவைப்பட்டது. அவளையே உட்காரவைக்கலாம் என்பது அப்பாவின் யோசனை.

"பூமியைக் காப்பாத்த இவதான் கிடைச்சாளா?" என்றார் அப்பா.

"அவ படிப்பா," என்றாள் அக்கா. அவள் சொன்ன வேகத்தில் மாடி வீட்டுக்காரரும் சேர்ந்து சம்மதித்ததாகக் கேள்வி. அப்பா ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்தார். எதிலாவது தோற்றால் நேராகக் கல்லாதான். பெட்ரோலுக்கு மாற்று தேடிப் படித்தவள் தினமும் பெட்ரோல் வாடையோடு வீடு திரும்பக் கூடாதே என்று பூனை ஒரு பாடத்திலும் தோற்காமல் படித்தாள்.

கடைசி வருடத்தில், ஒரு பழைய பெட்ரோல் ஸ்கூட்டரை மின்வண்டியாக மாற்றி ஓட்டிக் காட்ட வேண்டும். மாற்றினார்கள். ஓடியது, சத்தமே இல்லாமல். அதுதான் சிக்கல். மின்வண்டி வருவது நடந்து போகிறவர்கள் காதில் விழாது. அதனால் மெதுவாகப் போகும்போது அது தானாக ஒலி எழுப்ப வேண்டும், வேகம் கூடக் கூடச் சுருதியும் ஏற வேண்டும் என்பது விதி. சத்தம் வராத அந்த வண்டியின் மேல் பூனைக்கு முதல் நாளே ஒரு பாசம் ஒட்டிக்கொண்டது.

பட்டறையில் அவளுடைய கூட்டாளி ஒருத்தி. எப்போதும் தூங்கி வழிவதால் லோ பேட்டரி என்று பெயர். "தெரிஞ்ச குரலைப் போட்டாத்தான் சுருதி எங்க பிசகுதுன்னு காதுக்குத் தெரியும்," என்றாள் அவள். பூனையின் கைபேசியில் அக்கா இருந்தாள். ஒரு காலையில், குளியலறை வாசலில் பூனை நின்றுகொண்டிருந்தபோது அக்கா போட்ட கூச்சல்: "தள்ளுடி, வழிய விடு, கண்ண எங்க வச்சிருக்கே?"

அக்கா வண்டிக்குள் குடியேறினாள். நடை வேகத்தில் பெரியப்பா மாதிரி உறுமினாள், வேகம் ஏறியதும் அணில் மாதிரி கீச்சிட்டாள். இருவரும் பட்டறைத் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பூனைக்கு அதில் ரகசியமாக ஒரு ருசி. வீட்டில் அக்கா பேசினால் இவள் வாய் மூடும். இங்கே இவள் பிடியைத் திருகினால்தான் அக்கா பேசுவாள்.

பிறகு ஒழுங்காக ஒரு ரீங்காரத்தை ஏற்றினார்கள். ஆனால் தற்காலிகமாகத்தான். பேட்டரி இணைப்பு விட்டுப்போனால் வண்டி பழைய ஒலிக்கே, அதாவது அக்காவுக்கே, திரும்பிவிடும். நிரந்தரமாகப் பதிந்தால் அக்கா அழிந்துபோவாள். "நாளைக்குப் பதிஞ்சுக்கலாம்," என்று பூனை தினமும் சொன்னாள்.

தேர்வு நாளில் வீட்டாரும் வரலாம் என்றார்கள். அப்பா வந்தார். அக்காவும் வந்தாள். கிளம்பும் நேரத்தில் பேட்டரி இணைப்பு தளர்ந்திருந்ததைப் பார்த்து லோ பேட்டரி அதைக் கழற்றி மாட்டினாள். அதற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்குமே தெரியும். அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

தேர்வாளர் வேண்டுமென்றே வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றார். "திரும்பிப் பாக்க மாட்டேன். சத்தத்தை வச்சுத்தான் விலகுவேன். வாங்க."

பூனை பிடியைத் திருகினாள்.

"தள்ளுடி," என்றது ஸ்கூட்டர், பெரியப்பா குரலில்.

தேர்வாளர் துள்ளி விலகினார். பதற்றத்தில் அவள் பிடியை இன்னும் திருகிவிட, "வழிய விடு, கண்ண எங்க வச்சிருக்கே" என்று கீச்சிட்டபடி வண்டி வளாகத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. நிறுத்தும்போது இறங்கிவந்த குரல், வழியில் ஒரு கணம் அச்சு அசல் அக்காவாகவே ஆனது. அப்பா மெதுவாக அக்கா பக்கம் திரும்பினார்.

"விலகிட்டேன், அதை மறுக்கல," என்றார் தேர்வாளர், சட்டையை இழுத்துவிட்டபடி. "ஆனா மனுஷப் பேச்சு கூடாதும்மா. மத்த வண்டிங்களைப் பாத்துட்டு வரேன். அப்பவும் இது பேசினா ஃபெயில்தான்."

ரீங்காரத்தின் பிரதியோ லோ பேட்டரியின் வீட்டுக் கணினியில் இருந்தது. பூனையின் கண்ணுக்குள் ஒரு கல்லாப்பெட்டி திறந்து மூடியது. அப்போது அக்கா வந்து நின்றாள்.

"அது எப்ப எடுத்தது?"

"பாத்ரூம் வாசல்ல. கேலிக்கு இல்லக்கா."

"கேலிக்குத்தான். எனக்குச் சளி பிடிச்ச வாரம்டி அது. சொல்லியிருந்தா நல்லாப் பேசிக் குடுத்திருப்பேன்ல?"

லோ பேட்டரி குபுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வார்த்தை இல்லாம நீளமா ஒரு சத்தம் வேணும். நீ இழுத்தா போதும்க்கா," என்றாள் பூனை, கைபேசியை நீட்டி.

அக்கா மூச்சை இழுத்தாள். பிறகு விட்டுவிட்டாள். "வண்டி யாருது?"

"எங்களுது."

"அப்ப உன் சத்தத்தைப் போடு. உனக்காக அப்பாகிட்ட நான் கத்தினேன், சரி. உன் வண்டிக்கும் நான்தான் கத்தணுமா?"

பூனை வாயைத் திறந்தாள். வெறும் காற்று வந்தது.

"இது கொசு. கொசுவுக்கு யாருடி விலகுவாங்க?"

மறுபடி முயன்றாள். கொசு சற்றுப் பெரிதானது. அடுத்த முறை அவள் வாயைத் திறந்ததும் அக்கா இடுப்பில் நறுக்கென்று கிள்ளி, கையை எடுக்காமலே பிடித்திருந்தாள். நீளமாக, அடிவயிற்றிலிருந்து வந்தது அது. தன்னிடம் இப்படி ஒன்று இருந்தது பூனைக்கே செய்தி.

கைபேசியில் பிடித்த அதை வண்டியில் நிரந்தரமாகப் பதிந்தாள். அக்கா அழிந்தாள்.

இம்முறை தேர்வாளர் துள்ளவில்லை. காதைச் சாய்த்துக் கேட்டு, நிதானமாக இரண்டடி நகர்ந்து வழிவிட்டார். "சுருதி சரியா ஏறுது. என்ன, கொஞ்சம் கோவமான சத்தமா இருக்கு."

"வண்டி அப்படித்தான் சார்," என்றாள் லோ பேட்டரி.

"பாஸ்," என்றார் அவர்.

பூனை வண்டியை வாசல் பக்கம் திருப்பினாள். அங்கே அப்பா நடுவழியில், முதுகைக் காட்டியபடி, சித்தப்பாவோடு கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். "கல்லாவுக்கு வேற ஆளைப் பாருடா," என்று சொல்லிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தினார். திரும்பிப் பார்க்காமலே ஓரமாக நகர்ந்தார்.

"இரு," என்றார் கைபேசியில். "பூனை வருது."