அதிகாரி வருமுன் கழுவிய தோட்டம்

தோட்டத்து வாசல் படலையைத் திறந்த பாலேந்திராவுக்கு நெஞ்சு திக்கென்றது. தோட்டம் பளிச்சென்று இருந்தது.

எட்மண்டனைத் தாண்டி, லண்டன் முடிகிற ஓரத்தில் அவன் குத்தகைக்கு எடுத்த காணி அது. போன கிழமை ஆறு பெருகி உள்ளே புகுந்து, வேலியை முறித்து, வாய்க்காலை மூடி, டயரும் தகரமும் சேறுமாகக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. அந்த அலங்கோலத்தை அதிகாரி நேரில் பார்த்தால்தான் நிலம் திருத்த அரசாங்கம் அவசர உதவிப் பணம் தரும். தராவிட்டால் காணியைக் கைகழுவிவிட்டு, பழையபடி பெட்ரோல் செட்டில் ஷிப்ட் வேலைதான்.

அதிகாரி மரினா வரும் நேரமும் ஆகிவிட்டது.

"பிறேமினி, இஞ்சை என்ன நடந்தது?"

மனைவி பிறேமினி கையுறையைக் கழற்றினாள். பின்னால் கோயில் மாதர் சங்கப் பெண்கள் சேறு கூட்டிய தும்புத்தடியும் கையுமாக நின்றார்கள்.

"கவுன்மேந்து ஆள் வருகுது எண்டு நீங்கள்தானே சொன்னியள். வாற மனிசிக்குக் குப்பையையே காட்டுறது? பூசை முடிஞ்ச கையோடை எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்து, சேத்தை வழிச்சு, வாய்க்காலைத் தோண்டி, வேலியையும் கயித்தாலை நிமித்திக் கட்டியாச்சு."

"குப்பையைக் காட்டத்தானப்பா கூப்பிட்டனான். டயர், தகரம் எல்லாம் எங்கை?"

"பக்கத்துக் காணி ஜெராட் அண்ணை தன்ரை வான் வண்டியிலை ஏத்திக் கவுன்சில் குப்பைமேட்டிலை குடுத்திட்டார். பாவம், தூக்கித் தூக்கி மனிசனுக்கு நாரி பிடிச்சு நிமிர ஏலாமல் போச்சு."

பாலேந்திரா தலையில் கைவைப்பதற்குள் வெளியே கார் நின்றது.

மரினாவை வேலியோரத்து மரவாங்கில் இருத்தினார்கள். தேத்தண்ணி வந்தது, பொரித்த றோல்ஸ் வந்தது. அவர் காணியைச் சுற்றிப் பார்த்தார்.

"என் வீட்டுத் தோட்டம் இதைவிட மோசம். வெள்ளம் உண்மையில் இங்கேதான் வந்ததா?"

பாலேந்திரா நடந்ததை ஒளிக்காமல் ஆங்கிலத்தில் சொன்னான். மரினாவின் முகத்தில் இரக்கம் தெரிந்தது. ஆனால் தலை இடம் வலமாக ஆடியது. "பார்க்காத சேதத்தை நான் எப்படி எழுதுவது? படமாவது உண்டா?"

படம் இல்லை. ஆளே வரப்போகிறாரே, படம் எதற்கு என்று இருந்துவிட்டான். அவன் முழிப்பைப் பார்த்த பிறேமினிக்கு விஷயம் புரிந்தது. பழியை இறக்கிவைக்க ஆள் தேடினாள்.

"வேலை செய்த எங்களுக்குப் படமெடுக்க எங்கை நேரம்? றோஸ்மலரக்காதான் ஒரு துரும்பும் தூக்காமல் போனும் கையுமா நிண்டவ."

"சும்மா நிக்கேல்லையடி," என்றாள் சங்கப் பெண்களுக்குள் நின்ற றோஸ்மலர். "ஊரிலை, மன்னாரிலை இருக்கிற தங்கச்சியாக்கள் பாக்கப் போனிலை வீடியோ லைவ் போட்டனான். தொடக்கத்திலை இருந்து எல்லாம் பதிவாகி இருக்கு."

பாலேந்திரா பாய்ந்து போனை வாங்கி மரினாவிடம் நீட்டினான்.

திரையில் முறிந்த வேலி வந்தது. மூடிய வாய்க்கால் வந்தது. முழங்கால் சேற்றில் பிறேமினி வழுக்கி விழுந்ததும், மன்னார்ச் சனம் சிரித்துப் போட்ட கருத்துகளும் வந்தன. கடைசியில் நாலு பெண்கள் சேர்ந்து, பாசி பிடித்த ஒரு மரவாங்கைச் சேற்றுக்குள்ளிருந்து இழுத்தார்கள்.

மரினா மெல்லக் குனிந்து தான் இருந்த வாங்கைப் பார்த்தார். "இதுவுமா?"

மொழிபெயர்ப்புக்குக் காத்திராமலே பிறேமினி பதில் சொன்னாள். "ஓம். உங்களுக்கெண்டுதான் அதை நல்லா உரஞ்சினனாங்கள்."

பாலேந்திரா தயங்கித் தயங்கி அதை ஆங்கிலத்தில் சொன்னான். மரினா தேத்தண்ணி சிந்தச் சிரித்தார். எழும்பவில்லை, இன்னொரு றோல்ஸை எடுத்துக்கொண்டார்.

"வீடியோவை எனக்கு அனுப்புங்கள். வேலி, வாய்க்கால், சேறு, எல்லாவற்றுக்கும் உதவி கிடைக்கும். அளவெடுக்க நாளைக்கும் வருவேன்."

பாலேந்திராவுக்குப் போன உயிர் திரும்பியது. மனைவியின் பக்கம் குனிந்தான். "நாளைக்கும் வருவாவாம். தயவுசெய்து ஒண்டிலையும் கை வைக்காதேங்கோ."

"நான் ஏன் வைக்கிறன்?" என்றாள் பிறேமினி.

படலைக்கு வெளியே, சேறு பிடித்திருந்த மரினாவின் காரை மாதர் சங்கம் பாதி கழுவி முடித்திருந்தது.