அவள் ஓடிய வழி

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரிந்துவிட்டது, தன் மனைவி விடிந்த பிறகு எழுந்திருக்கும் ரகம் இல்லை என்று. பொழுது புலரும் முன்பே தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடக் கிளம்பிவிடுவாள். அவன் போர்வைக்குள் இருந்தபடியே கதவு சாத்தும் சத்தத்தைக் கேட்டுவிட்டு மறுபக்கம் புரண்டு படுப்பான். அடுத்து அவன் கண் விழிக்கும்போது அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கும். பின்னாளில் மகளுக்குத் தலை வாரியும் முடிந்திருக்கும். மனைவி நர்ஸ் உடுப்பில், நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். இதெல்லாம் தானாகவே நடக்கிறது போலத்தான் அவனுக்கு இருந்தது. பொழுது விடிவதற்கு யாராவது நன்றி சொல்வார்களா?

ஒரு நாளாவது என்கூட வாருங்களேன் என்று ஆரம்பத்தில் அவள் கூப்பிட்டதுண்டு. நான் வந்தால் நீ ஓட முடியாது, என்னை உருட்டிக்கொண்டுதான் போகவேண்டும் என்று அவன் சொல்வான். அவளும் சிரிப்பாள். பிறகு கூப்பிடுவது மெல்ல நின்றுபோனது. நின்றதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

மகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போன வருடம் மனைவிக்குக் கடல் கடந்து ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. மூன்று வருட ஒப்பந்தம், நடுவில் ஒரு விடுமுறை. மகளின் படிப்பை நினைத்து இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவுதான். அவள் கிளம்பிப் போன மறுநாள் காலை கதவு சாத்தும் சத்தம் கேட்கவில்லை. அவன் தூங்கிக்கொண்டே இருந்தான். மகள் வெறும் வயிற்றோடு பள்ளிக்குப் போனாள்.

அதன் பிறகு கடைச் சாப்பாடு வீட்டுக்குள் குடியேறியது. எண்ணெய் வடியும் பொட்டலம், உப்பு தூக்கலான குழம்பு, தொட்டுக்கொள்ளத் தொலைக்காட்சி. ஆள் இரண்டு சுற்றுப் பருத்துப்போனான். ஒருநாள் பழைய கட்டடம் ஒன்றில், லிஃப்ட்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கி வேலை பார்த்தவனால் மேலே ஏறி வர முடியவில்லை. கூட வேலை பார்ப்பவன் மெலிந்த நெடிய ஆள். ஒட்டடைக்குச்சி என்றுதான் அவனுக்குப் பெயர். ஒட்டடைக்குச்சி மேலிருந்து கையைப் பிடித்து இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, லிஃப்ட்ட சரி பண்ண வந்தோம். இப்ப உங்களத் தூக்க ஒரு லிஃப்ட் வேணும் போல" என்றான். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த மாதமே கம்பெனியில் உடல் பரிசோதனை. சர்க்கரை வாசற்படியில் வந்து நிற்கிறது, ரத்த அழுத்தம் உள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது என்று டாக்டரம்மா சொன்னாள். மனைவியிடம் சொல்லவேண்டாம் என்று மகளிடம் சத்தியம் வாங்கினான். மகள் சத்தியம் செய்துவிட்டு அன்றைக்கே அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.

திட்டப்போகிறாள் என்று பயந்துகொண்டே அவன் போனை வாங்கினான். அவள் திட்டவில்லை. தான் ஓடிய வழியை ஒவ்வொரு திருப்பமாகச் சொல்ல ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தின் பின்பக்கச் சந்து, அங்கிருந்து கால்வாய்க் கரை, கரையோடே போனால் தண்ணீர்த் தொட்டி, சுற்றி வந்தால் ரொட்டிக்கடைத் தெரு. கடையை ஒட்டிய வீட்டு நாய் குரைக்கும், கடிக்காது. முதலில் நடங்கள், மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம் போதும், யாரையும் முந்தவேண்டாம் என்றாள்.

"நாளைக்குப் போறீங்களா?" என்று கேட்டாள்.

"போறேன்" என்றான். அந்த ஒரு சொல்லை அவள் எத்தனை வருடமாகக் கேட்கக் காத்திருந்தாள் என்பது அப்போது அவனுக்குத் தெரியாது.

முதல் வாரம் தொட்டி வரைகூடப் போக முடியவில்லை. முட்டி வலித்தது, விலா பிடித்துக்கொண்டது, ரொட்டிக்கடை நாய்க்கே அவனைப் பார்த்தால் பாவமாக இருந்திருக்கும். ஆனாலும் போனான். நடை ஓட்ட நடையானது. ஓட்ட நடை ஒரு மாதிரி ஓட்டமானது. ஓடுவதுகூடப் பெரிய காரியமில்லை என்று சீக்கிரமே புரிந்தது. ஓடிவிட்டு வந்து நிற்பதுதான் காரியம். வியர்வை ஆறுவதற்குள் அடுப்பைப் பற்றவைக்கவேண்டும். முந்தின நாளே பயறு ஊறியிருக்கவேண்டும், காய் நறுக்கி வைத்திருக்கவேண்டும். ஒன்று தவறினால் மகளுக்குப் பஸ் தவறும். கீரையை அலசாமல் வேகவைத்து, வாயில் மண் நறநறக்க இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட காலையும் உண்டு. முட்டையை வேகவைப்பதில் இத்தனை நுணுக்கம் உண்டா என்று ஆச்சரியப்பட்டான். சந்தேகம் வந்தால் கடல் தாண்டிக் கேட்பான். இடையில் பொங்கி வழிந்த பருப்பின் சத்தத்தை அவள் போனிலேயே கேட்டு, "அடுப்பக் குறைங்க முதல்ல" என்பாள்.

அந்த வழியில் அவளை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதுதான் அவன் எதிர்பாராதது. அவன் மனைவியைப் பற்றிச் சொன்னதும் ரொட்டிக்கடைக்காரி, "அவங்க வீட்டுக்காரரா நீங்க? ஆளே வர்றதில்லையே, கோபமான்னு நினைச்சேன்" என்றாள். தண்ணீர்த் தொட்டிக் காவல்காரர், தங்கச்சி எப்படி இருக்கு என்று தினமும் விசாரித்தார். ஒருநாள் அவர் கால்வாயின் சின்ன மதகைக் காட்டி, "அந்தச் சுவர்லதான் கொஞ்ச நேரம் உக்காந்திருக்கும். யாருகிட்டயும் பேசாது. அப்புறம் எழுந்து ஓடிரும்" என்றார்.

அவள் உட்காருவாள் என்பதே அவனுக்குப் புதிது. வீட்டில் அவள் உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை. அன்றைக்கு அவனால் ஓட முடியவில்லை. மதகைத் தாண்டி நடந்தே வந்தான். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டே, இந்தக் கரையில் இன்னொருத்தியாக வாழ்ந்திருக்கிறாள். அந்த இன்னொருத்தியைப் பார்க்கவேண்டும் என்று அவனுக்கு ஆசை வந்தது. கட்டிக்கொண்ட மனைவி மேலேயே, பெண் பார்க்கப் போகிறவனுக்கு வருகிற மாதிரி ஒரு ஆசை. வெளியில் சொன்னால் ஒட்டடைக்குச்சி ஆயுசுக்கும் கிண்டல் செய்வான். அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

ஒவ்வொரு நாளும் போனில் தான் ஓடியதைச் சொல்வான். நீ ஓடினாயா என்று கேட்பான். "ம்" என்பாள். அந்த "ம்" போதுமாக இருந்தது அவனுக்கு. இரண்டு பேரும் எங்கெங்கோ இருந்தாலும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டான். அவள் பக்கத்தில் ஓடவேண்டும், அவளுடைய வேகத்துக்கு மூச்சு வாங்காமல் ஓடவேண்டும் என்பது மட்டுமே குறி. உடம்பு இளைத்தது, சர்க்கரை வாசற்படியை விட்டு இறங்கிப் போனது, டாக்டரம்மா பாராட்டினாள். அதெல்லாம் கொசுறு.

விடுமுறைக்கு அவள் வரும் சமயத்தில் நகரத்தில் பொது ஓட்டம் ஒன்று இருந்தது. இரண்டு பேர் பெயரையும் அவளுக்குத் தெரியாமல் கொடுத்துவைத்தான்.

விமான நிலையத்தில் அவள் அவனைத் தாண்டிப் போய்விட்டாள். மகள் கூப்பிட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். அவனும் ஒரு கணம் தடுமாறித்தான் போனான். அவள் முகம் ஊதியிருந்தது. கணுக்கால் வீங்கி, செருப்பின் வார் பதிந்திருந்தது. பெட்டியைத் தள்ளிக்கொண்டு பத்தடி வருவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. பயணக் களைப்பு என்றாள். அவனும் பயணக் களைப்புதான் என்று எடுத்துக்கொண்டான்.

மறுநாள் விடிகாலை, அவளுடைய பழைய ஓட்டக் காலணிகளைத் துடைத்துக் கையில் எடுத்துக்கொண்டு போய் எழுப்பினான். அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். காலணிகளையே பார்த்தாள்.

"நான் ஓடறத விட்டு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுங்க" என்றாள்.

அவனுக்கு ஒன்றும் ஓடவில்லை. "தினமும் கேட்டேனே. ஓடினேன்னுதானே சொன்ன?"

"ம்னு சொன்னேன்."

பிறகு சொன்னாள். போன புதிதில் ஓடினாளாம். அப்புறம் குளிர்காலம் வந்தது. இருட்டில் எழுந்து இருட்டில் திரும்பும் வேலை. ஆள் குறைவு என்று இரட்டை ஷிஃப்ட். தங்கும் இடத்தில் நாலு பேருக்கு ஒரு அடுப்பு; அடுப்புக்குக் காத்திருப்பதைவிடத் தகரடப்பாவைத் திறப்பது சுலபம். வார்டு ஜன்னலோரம் நின்று ரொட்டியைப் பிய்த்துத் தின்றுவிட்டு ஓடவேண்டும். ஊருக்கெல்லாம் நடங்கள், காய்கறி சாப்பிடுங்கள் என்று சொல்லி அனுப்புகிறவள் அவள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க விட்டிருப்பீங்க. நீங்க மதகுகிட்ட திரும்பினேன், ரொட்டிக்கடை வாசனை வந்துச்சுன்னு சொல்றப்ப, கண்ண மூடிக்கிட்டுக் கேப்பேன். அன்னைக்கு நான் ஓடின கணக்குல அதுதான் இருக்கும்."

அவனுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். எழுந்து அடுக்களைக்குப் போய்ப் பாத்திரத்தைச் சத்தமாக வைத்தான். அவள் பின்னாலேயே வந்து உதவிக்கு நின்றாள். உப்பைத் தேடினாள், அது பழைய இடத்தில் இல்லை. கரண்டியைத் தேடினாள், அதுவும் இல்லை. மகள் சர்வசாதாரணமாகக் கையை நீட்டி எடுத்துக் கொடுத்தாள். அவன் பயறும் கீரையும் போட்ட தட்டை மேசையில் வைத்து அவளை உட்காரச் சொன்னான். விருந்தாளி போல விளிம்பில் உட்கார்ந்து சாப்பிட்டாள். "நல்லா இருக்குங்க" என்றாள். இரண்டாவது வாயில் கண் கலங்கிவிட்டது. உறைப்பா அம்மா என்று மகள் கேட்டாள். ஆமாம் என்றாள். உறைப்பு போடுவதை அவன் நிறுத்தி எத்தனையோ மாதமாகியிருந்தது.

இத்தனை நாளும் யாரைத் துரத்திக்கொண்டு ஓடினேன் என்று அவன் வேலைக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தான். கரையில் ஓடிய ஒருத்தியை ஊர் வாயால் கேட்டுக் கேட்டு மனதில் வளர்த்தாகிவிட்டது. வீட்டில் வந்து உட்கார்ந்திருப்பவள் கால் வீங்கிய ஒரு நர்ஸ். ஏங்கியது அவளுக்காகவா, இவளுக்காகவா? சாயங்காலம் வீடு திரும்பியபோது அவள் மகளின் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவன் கதவருகிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பதில் கிடைத்ததா என்றால் சொல்லத் தெரியவில்லை. கோபம் மட்டும் போய்விட்டிருந்தது.

மறுநாளிலிருந்து இருவரும் நடந்தார்கள். காவல்காரர் அவளைப் பார்த்து இருக்கையை விட்டே எழுந்துவிட்டார். மதகில் அவள் உட்கார்ந்தாள், அவனும் உட்கார்ந்தான். கீழே தண்ணீர் குறைவாக ஓடிக்கொண்டிருந்தது. இங்கே உட்கார்ந்து என்ன நினைப்பாய் என்று கேட்டான்.

"ஒண்ணுமே நினைக்கமாட்டேன். அதுக்குத்தானே வர்றது" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "சில நாள், நீங்க பின்னாடி வர்றீங்களான்னு திரும்பிப் பாப்பேன்" என்றாள்.

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கை கிருமிநாசினி பட்டுப் பட்டு அரம் போலச் சொரசொரத்திருந்தது.

பொது ஓட்டத்தைப் பற்றிச் சொன்னபோது வரவில்லை என்பாள் என நினைத்தான். வருகிறேன், நடப்பேன் என்றாள். அன்றைக்குக் கூட்டத்தின் பின்கோடியில் இருவரும் ஒன்றாகக் கிளம்பினார்கள். அவன் நடையைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தான். அவள் போகச் சொல்லி முதுகில் தள்ளினாள். ஓடினான். கால் தானாகப் பாய்ந்தது. மனம் பின்னாலேயே கிடந்தது. பாதி வழியில் நின்று நடைபாதை ஓரம் உட்கார்ந்துவிட்டான். கூட்டமெல்லாம் போனபின் அவள் வந்தாள், முகம் சிவந்து, ஆனால் நிற்காமல். அவனைப் பார்த்ததும் முகம் மாறியது.

"எனக்காக நிக்காதீங்க."

"சேர்ந்து போலாமே. அதுக்குத்தானே இவ்வளவு நாள்…"

"அங்க போய் நான் தனியாத்தான் நடக்கணும். நீங்க நின்னு பழகிட்டா எனக்கு அங்க கால் வராது. போங்க."

அவன் எழுந்து ஓடினான். வாழ்நாளில் அவ்வளவு வேகமாக அவன் ஓடியதில்லை. முடிவுக் கோட்டில் யாரோ கை தட்டினார்கள், யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவன் திரும்பி நின்று, வெறுமையான சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெகுநேரம் கழித்து அவள் புள்ளியாகத் தெரிந்தாள்.

விடுமுறை தீர்ந்தது. போகும்போது பெட்டியில் பயறும் பருப்பும் சின்னக் குக்கரும் வைத்துக் கட்டினான். ஒட்டடைக்குச்சிதான் வண்டி ஓட்டினான். அன்றைக்கு அவனும் ஜோக் அடிக்கவில்லை.

போனபிறகு அவள் பகல் ஷிஃப்ட் மட்டும் கேட்டு வாங்கினாள். அடுப்புக்குக் கூட இருப்பவர்களிடம் சண்டை போட்டு நேரம் வாங்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிட்டாள். மழையில் பூங்காவைச் சுற்றினாளாம். மெல்ல ஓடினாளாம். ஒரு தாத்தா, அதுவும் கைத்தடி வைத்திருந்தவர், அவளைத் தாண்டிப் போனாராம். சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பு, அவனுக்குப் பழக்கமில்லாத புதுச் சிரிப்பாக இருந்தது.

ஒப்பந்தத்தை நீட்டிக்க ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள் என்று மகள் வழியாக அவன் காதுக்கு வந்திருந்தது. நீட்டிக்கப் போகிறாயா என்று கேட்டுவிட நாக்கு நுனி வரை வந்தது. அவள் அந்தப் பக்கம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டான்.

"இனிமேதான். பயறு வேகுது" என்றாள்.

இங்கேயும் அடுப்பில் காய் வெந்துகொண்டிருந்தது. தீயைக் குறைத்துவிட்டு, அவளாகப் போனை வைக்கும்வரை அப்படியே நின்றான்.