இரண்டு முத்திரை

அந்த அலுவலகத்தில் பெயர் எழுதினால் இழுப்பறை முளைக்கும். படிவத்தில் இரண்டே கட்டங்கள். மேலே ‘பெயர்’, கீழே ‘உள்ளே’. மேல் கட்டத்தில் எதை எழுதினாலும் அந்தப் பெயரில் சுவரில் ஓர் இழுப்பறை வரும். கீழே எழுதியது சீட்டாக அதற்குள் போகும். அந்தப் பெயரில் ஏற்கெனவே இழுப்பறை இருந்தால் பழைய சீட்டு வெளியே விழுந்துவிடும்.

அலுவலகம் இருந்தது ஒரு கணினி சர்வருக்குள். அங்கே இந்த ஏற்பாட்டைச் செய்தவள் செங்கமலம். அதற்கு முன் ஒவ்வோர் இழுப்பறைக்கும் ஆள் வைத்துப் பெயர் எழுதினார்கள். அவள் நான்கு வரி நிரலில் முடித்துவிட்டாள். ‘எந்தப் பெயர் வந்தாலும் வாங்கிக்கொள்’ என்பது மூன்றாவது வரி. பதினொரு மாதமாக ஒரு புகாரும் இல்லை.

புதன்கிழமை அவள் சாப்பிட்டுவிட்டு வந்தபோது அவளுடைய நாற்காலியில் ஒரு குடை உட்கார்ந்திருந்தது. கறுப்புக் குடை, மரப்பிடி. அதன் முன்னால் டீ வைத்திருந்தார்கள்.

“சவரிமுத்து, என்ன இது?”

இழுப்பறைகளைத் திறந்து மூடுவது சவரிமுத்துவின் வேலை. அவர் தலை நிமிரவில்லை. “செங்கமலம் அக்காங்க.”

“அப்ப நான்?”

“தெரியலீங்களே. படிவம் எழுதினீங்களா?”

அவள் தன் பெயருள்ள இழுப்பறையை இழுத்துப் பார்த்தாள். சீட்டில் ‘குடை’ என்று இருந்தது. அவளுடைய பழைய சீட்டு தரையில் செருப்புத் தடத்தோடு கிடந்தது.

வரிசையில் நின்ற பட்டாபிராமன் என்பவர் கையைத் தூக்கினார். “நாந்தானுங்க எழுதுனேன். போன வாரம் குடைய இங்க மறந்துட்டேன். யாரைப் பாக்கோணும்னு கேட்டா, செங்கமலம்னாங்க. பெயர்னு கட்டம் இருந்துச்சு, போட்டுட்டேன்.”

“உங்க பேரை எழுதணும்.”

“யார் பேருன்னு அதுல போடலீங்களே, அம்மணி.”

போடவில்லைதான். அவள் அதை யோசித்தாள். அவள் யோசிக்க யோசிக்க நடைவழி நீண்டுகொண்டே போனது. யோசித்து முடித்தபோது மணி நாலே கால்.

ஐந்து மணிக்கு நிரல் முடியும். முடிந்ததும் ஒரு துடைப்பம் வந்து, எந்தச் சீட்டிலும் இல்லாதவற்றைக் கூட்டிக்கொண்டு போகும். போனவை திரும்புவதில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு ஜன்னல் போயிற்று.

“படிவம் குடுங்க. என் பேரை மறுபடி எழுதறேன்.”

“ஒருக்கா மாத்துன பேரை அன்னிக்கே திரும்ப மாத்தோணும்னா உரியவங்க கையெழுத்து வேணுங்க.”

அந்த விதியும் அவள் வைத்ததுதான். அவள் பேனாவைக் குடையிடம் நீட்டினாள். குடை அதை வாங்கவில்லை.

“செங்கமலம் அக்கா முடியாதுன்னா முடியாதுதானுங்க” என்றார் சவரிமுத்து, கொஞ்சம் பெருமையாக. “வேற பேரு எடுத்துக்கங்க. மனோரஞ்சிதம் காலியா இருக்குது.”

“வீட்டுல செங்கமலம்னுதான் கூப்பிடுவாங்க. குடை போய் நிக்கும்.”

“அதுவும் நல்லதுதானுங்களே. மழைக்காலம்.”

அவள் பதற்றப்படவில்லை. தன் நிரலை அவளுக்குத் தெரியும்.

சவரிமுத்துவிடம் டாலர் குறி போட்ட முத்திரை ஒன்று இருந்தது. பெயர்மேல் ஒருமுறை குத்தினால், சீட்டில் உள்ளதை அப்படியே எடுத்துத் தருவார். இருமுறை குத்தினால், சீட்டில் உள்ளதையும் ஒரு பெயராக எடுத்துக்கொண்டு அந்த இழுப்பறையைத் திறப்பார். இதுவரை யாரும் இருமுறை கேட்டதில்லை.

அவள் புதுப் படிவம் எழுதினாள். பெயர்: குடை. உள்ளே: இதை எழுதுபவள். அந்தப் பெயரில் அதுவரை இழுப்பறை இல்லாததால் யார் கையெழுத்தும் தேவைப்படவில்லை.

“இப்ப செங்கமலத்துக்கு ரெண்டு முத்திரை குத்துங்க.”

அவர் குத்தினார். செங்கமலத்தைத் திறந்தார். ‘குடை’ என்று படித்தார். நீண்ட நடைவழியில் நடந்து போய்க் குடையைத் திறந்தார். படித்தார். அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“அக்கா! எங்க போயிட்டீங்க? டீ ஆறிப்போச்சுங்க.”

பட்டாபிராமன் செங்கமலத்துக்கு ஒரே ஒரு முத்திரை குத்தச் சொல்லித் தன் குடையை வாங்கிக்கொண்டு போனார். ஐந்து மணிக்குத் துடைப்பம் வந்தது. அவள் காலைத் தூக்கிக்கொண்டாள். அது அவளைச் சுற்றிக் கூட்டிவிட்டு, அவளுடைய பழைய சீட்டையும் ஒரு படிக்கட்டையும் எடுத்துக்கொண்டு போனது.

அவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கணவன் நடேசன் அடுப்படியிலிருந்து “செங்கமலம்!” என்றான். அவள் வாய் திறப்பதற்குள் பட்டாபிராமனின் குடை அவன் பக்கத்தில் வந்து நின்றது.

“ரெண்டு தடவ கூப்பிடுங்க” என்று வாசலிலிருந்து சொன்னாள்.

“செங்கமலம், செங்கமலம்.”

அவள் அவன் பக்கத்தில் இருந்தாள். கையில் தோசைக்கரண்டி இருந்தது.

“இதென்ன புதுசா?” என்றான் நடேசன். “ஒரு தடவைல நீ என்னிக்கு வந்திருக்க?”

அவர்கள் சாப்பிட உட்கார்ந்தபோது மழை பிடித்தது. மூன்று தெரு தள்ளி பட்டாபிராமன் தன் வீட்டுக்குள் தேடிக்கொண்டிருந்தார். “குடை எங்க? இங்கதான வெச்சேன். குடை!”

‘குடை’ இழுப்பறையில் இருந்தது அவள் சீட்டு. அவள் தட்டை மூடி வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். இரண்டு கைகளையும் நன்றாக விரித்துக்கொண்டு மழைக்குள் இறங்கினாள்.