நீல ரிப்பன் கட்டிய குழாய்

எல்லாரும் சௌக்கியம்தானே? வீட்டில் பிள்ளைகள் நலமா? இங்கே எனக்கு முழங்கால் பரவாயில்லை, கடைவாய்ப் பல்தான் ஒன்று ஆடுகிறது. அதை விடுங்கள். போன மாதம் எங்கள் காரில் நடந்ததை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

மால்டாவில் எங்கள் ஊர் கையகலம்தான், ஆனால் பேண்டு வாத்தியக் கிளப் இரண்டு. சூசையப்பர் கிளப்புக்குச் சிவப்பு, மாதா கிளப்புக்கு நீலம். நான் பிறந்ததே சிவப்பு. என் கணவன் விஸ்டினும் சிவப்பு. புதிதாகப் பங்குச் சாமியார் வந்தால் அவரைத் திறந்த காரில் நிற்க வைத்து, பேண்டுக்குப் பின்னால் கோயில்வரை அழைத்துப் போவது வழக்கம். அது யாருடைய கார் என்பதற்குத்தான் ஊரே அடித்துக்கொள்ளும். போன இரண்டு முறையும் நீலக்காரர்களுக்கே கிடைத்தது. இந்தத் தடவை எங்கள் கார் என்று கோயில் கமிட்டி சொன்னதும் நான் தெருவில் நடந்த நடை இருக்கிறதே, என் கல்யாணத்தன்றுகூட அப்படி நடந்ததில்லை.

எங்களுடையது அறுபத்தைந்தாம் ஆண்டு அமெரிக்க வண்டி. வெண்ணெய் நிறம், மடக்கும் கூரை, பார்க்க ராணி மாதிரி. ஸ்டியரிங் மட்டும் ஆட்டுக்கல். வேகமாகப் போனால் தெரியாது. பேண்டுக்குப் பின்னால் ஊர்ந்து, எங்கள் ஊர் சந்துகளில் திரும்பும்போதுதான் உயிர் போகும். விஸ்டினுக்கோ குளிர்காலத்தில் தோளில் ஆபரேஷன் ஆகியிருந்தது. இனி இந்த ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பவர் ஸ்டியரிங் போட்டால் விரலால் திருப்பலாம். ஆனால் பாகங்கள் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வர மூன்று மாதம் ஆகும். சாமியார் மூன்று வாரத்தில் வருகிறார். மால்டா முழுக்கத் தேடியும் அதே மாடலில், பவர் ஸ்டியரிங்கோடு, பாகங்களைக் கழற்றியெடுக்க ஒரே ஒரு வண்டிதான் இருந்தது. ஃபிலுமீனாவின் கராஜில்.

போயும் போயும் அவளிடமா!

ஃபிலுமீனா நீலம். அவள் கணவன் சால்வு போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகிறது. இருவரும் சேர்ந்தே பழுது பார்த்து ஓட்டிய கார் அது, அவன் உயிரோடு இருந்தபோதே துறைமுகச் சுவரில் மோதி நசுக்கிவிட்டான். அதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. என்னைப் பார்ப்பதற்கு முன்னால் விஸ்டின் ஒரு கார்னிவல் முழுக்க அவளோடுதான் ஆடினான். நாற்பத்திரண்டு வருஷமாகிறது. நான் மறந்துவிட்டதாக எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"கேட்டேன். எடுத்துக்கோன்னுட்டா" என்றான் விஸ்டின்.

"சும்மாவா?"

"சும்மாதான்."

"சும்மா குடுக்குறவ எதையோ எடுக்காம விடமாட்டா."

"உனக்கு ஸ்டியரிங் வேணுமா, வேணாமா?"

இரண்டு நாள் வேலை என்று போனான். ஐந்து நாள் ஆயிற்று. பம்ப் ஒரு நாள், அதைத் தாங்கும் இரும்பு ஒரு நாள். துருப்பிடித்த போல்ட் ஒன்றுக்கே ஒரு நாள். கிரீஸில் புரளப் போகிறவன் காலையில் தலைசீவிக்கொண்டு போவானேன்? திரும்பி வந்தால் சட்டையில் கிரீஸ் வாசனையோடு பாதாம் கேக் வாசனையும் வந்தது.

ஆறாம் நாள் சூடாக, பாலாடைக்கட்டி வைத்த பஸ்டிஸி பப்ஸ் வாங்கிக்கொண்டு நானே போனேன். நசுங்கிய வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு ஜோடிக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்துப் பக்கத்தில். உள்ளேயிருந்து சிரிப்பு.

ஃபிலுமீனா முதலில் வெளியே வந்தாள். கன்னத்தில் கறுப்பாக ஒரு கீற்று, அதுகூட அவளுக்கு அழகாகத்தான் இருந்தது.

"அடியே சென்சா, வாடி! உன் புருஷனுக்கு எந்த போல்ட்டுக்கு எந்த ஸ்பேனர்னே தெரியல. இத்தனை வருஷம் எப்படிடி சமாளிச்சே?"

"சமாளிக்கத் தெரிஞ்சவகிட்டதான வந்து சேந்தான்."

"சேராம எங்க போவான்? நான்தான் தொரத்தி விட்டுட்டேனே!"

வண்டிக்கு அடியில் விஸ்டின் இருமினான். பஸ்டிஸியை அவர்களே தின்றார்கள்.

மறுநாள் பாகங்கள் எல்லாம் ஒரு பெட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்தன. சக்கரத்தைத் தள்ளுகிற உருளைக்கு இரண்டு எண்ணெய்க் குழாய். ஒன்று வண்டியை வலப்பக்கம் தள்ளும், மற்றது இடப்பக்கம். பழைய குழாய்கள் வெடித்திருந்ததால், அதே நீளத்தில் புதிதாகச் செய்து வாங்கினார்கள். பார்க்க இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். எது எதுவென்று தெரிவதற்காக ஃபிலுமீனா ஒன்றில் ரிப்பன் கட்டி அனுப்பியிருந்தாள்.

நீல ரிப்பன்.

எங்கள் சூசையப்பர் வண்டிக்குள் நீலமா? அதுவும் அவள் கட்டிய முடிச்சா? விஸ்டின் குளிக்கப் போயிருந்தான். அவிழ்த்துக் குப்பைக் கூடையில் போட்டேன். உள்ளே போய்த் தையல் டப்பாவைத் துழாவி ஒரு சிவப்பு ரிப்பனோடு வந்து பார்த்தால் இரண்டு குழாயும் பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்று. ரிப்பன் கட்டியிருந்த குழாய் மேலே இருந்தது என்றுதான் ஞாபகம். மேலே இருந்ததில் கட்டினேன்.

"நீலமால்ல இருந்துச்சு?" என்றான் விஸ்டின்.

"நம்ம வண்டிக்கு நீலம் ஆகுமா? மாத்திட்டேன்."

சிரித்துக்கொண்டே மாட்டினான். சரியான குழாய்தானா என்று என் நெஞ்சு ஒரு தடவை உறுத்தியது. வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மறுபடி அவளிடம் ஓடுவானே.

ஊர்வலத்துக்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமை, முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, எண்ணெய் ஊற்றி, எஞ்சினைக் கிளப்பினான். ஸ்டியரிங்கைத் தொட்டான், அவ்வளவுதான். பேய் பிடித்த மாதிரி அது தானாகவே கிறுகிறுவென்று சுற்றியது. கம்பிக்கு நடுவே அவன் கட்டைவிரல் மாட்டிக்கொண்டது.

"நிறுத்து! சாவியத் திருப்புடி!"

நிறுத்தினேன். விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு மூன்று வாரம் அசைக்கக் கூடாது என்றார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் மெதுவாகக் கேட்டான். "சென்சா, நீல ரிப்பன் எந்தக் குழாயில இருந்துச்சு?"

"தெரியல."

கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "போய்க் கேட்டுட்டு வா" என்று மட்டும் சொன்னான். யாரிடம் என்று நானும் கேட்கவில்லை.

ஃபிலுமீனா வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒன்று விடாமல் சொன்னேன். குப்பைக் கூடைவரை சொன்னேன். வாளியைக் கீழே வைத்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"எங்கிட்ட வேற கலர் ரிப்பனே கிடையாதுடி, பைத்தியக்காரி!"

வந்தாள். பத்து நிமிஷத்தில் குழாய்களை மாற்றிப் பூட்டினாள். எஞ்சினைக் கிளப்பி, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பித் திருப்பி, எண்ணெயில் நுரை அடங்கும்வரை காற்றை வெளியேற்றினாள். கடைசியில் சுண்டுவிரலால் ஒரு சுற்று சுற்றினாள். வெண்ணெயில் கத்தி.

சரி, வண்டி ஆயிற்று. யார் ஓட்டுவது? வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஓட்டுகிறவர் பெயர் வராவிட்டால் பழையபடி நீலக்காரர்கள் வண்டிதான் என்று கமிட்டி சொல்லிவிட்டது. எனக்கு ஓட்டத் தெரியாது. இந்த மாதிரி வண்டியை ஓட்டிப் பழகியவள் ஊரில் ஒருத்திதான். என் கார், என் சாமியார், என் ஊர்வலம், அந்த ஸ்டியரிங்கில் அவளா? வேண்டாம், வண்டியே போகாமல் இருக்கட்டும் என்று வெள்ளி மத்தியானம்வரை பிடிவாதமாக இருந்தேன். அப்போது நீல கிளப் வாசலில் அவர்களுடைய காருக்குப் பாலிஷ் போடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

நேரே அவள் வீட்டுக்குப் போனேன். "நீ ஓட்டுறியா?" மீன்முள்ளை விழுங்குகிற மாதிரி இருந்தது.

"ஓட்டினா எங்க கிளப்ல எனக்கு ஒரு கப் காப்பி குடுக்க மாட்டாங்க."

"நான் தர்றேன் காப்பி."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி. ஆனா என் ரிப்பன் திரும்ப அந்தக் குழாயில இருக்கணும். நீயே கட்டணும்."

குப்பைக் கூடையைக் கவிழ்த்துத் தேடினேன். துவைத்து, இஸ்திரி போட்டு, பானெட்டுக்குள் குனிந்து என் கையாலேயே கட்டினேன். அவள் பக்கத்தில் நின்று முடிச்சைச் சரிபார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பேண்டு முழங்க வண்டி ஊர்ந்தது. பேக்கரி முனையில் எல்லாரும் முன்னும் பின்னும் எடுத்துத் தடுமாறும் அந்தத் திருப்பத்தில் அவள் ஒற்றை விரலால் திருப்பினாள். நின்றுகொண்டிருந்த சாமியார் ஆடக்கூட இல்லை. பலகணிகளிலிருந்து சிவப்பும் நீலமும் சேர்ந்து "ஃபிலுமீனா! ஃபிலுமீனா!" என்று கத்தின. என் பேரை ஒரு நாய்கூடச் சொல்லவில்லை.

கட்டுப்போட்ட கையோடு விஸ்டின் என் பக்கத்தில் நடந்து வந்தான். "எப்படித் திரும்புது பாத்தியா!" என்றான். அவன் கண் எங்கே போகிறது என்று பார்த்தேன். முன்சக்கரத்தில்தான் இருந்தது. பெரும்பாலும்.

ரிப்பன் இன்னும் வண்டிக்குள்ளேதான் இருக்கிறது. அவிழ்க்கலாமே என்று எங்கள் கிளப் பெண்கள் கேட்கிறார்கள். மாட்டேன். அவிழ்த்தால் குழாய் குழம்பும், குழம்பினால் அவள் மறுபடி வருவாள்.

உங்கள் வீட்டுக்குள்ளும் இப்படி ஒரு ஃபிலுமீனா எந்த வழியாகவாவது நுழைந்திருப்பாளே? நீங்கள் என்ன செய்தீர்கள்? மறைக்காமல் எழுதுங்கள். நான் மட்டும்தான் இப்படியா என்று எனக்குத் தெரிய வேண்டும்.